மாற்றுச் சான்றிதழில் எழுதாத காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிச் சேர்க்கையை உயர்த்த ஆண்டுதோறும் பேரணி, துண்டுப் பிரசுரம் என்று ஆசிரியர்கள் தெருத் தெருவாக அலைகிறார்கள். நானும் அலைந்தவன்தான். சேர்ந்த பிள்ளை ஏன் விலகிப் போகிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஏழாம் வகுப்பு மாணவனின் தாய் ஒருவர், பருவத்தின் நடுவே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். பையனின் சட்டை முதுகில் பட்டப்பெயர் ஒன்றைப் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். துவைத்தும் போகாத மை. காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

1997-லேயே தமிழகம் ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அது கல்லூரி விடுதிகளுக்கானது என்றே பள்ளிகளில் நினைத்திருந்தோம். 2023-ல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதிப் பாகுபாட்டை ஒழிக்கப் பள்ளிகளுக்கும் சேர்த்தே தனிச் சட்டம் வேண்டும் என்றது. அதில் ஒரு பிரிவு இருக்கட்டும்: இடையில் விலகும் பிள்ளையிடம், பள்ளியைச் சேராத ஒருவர் காரணம் கேட்டுப் பதிய வேண்டும். எங்களைக் கேட்டால் ‘பெற்றோர் விருப்பம்’ என்றுதான் எழுதுவோம்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி