மருந்து என்ற சொல்லை விட்ட ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள், வரவு செலவு என்ன என்பதெல்லாம் பொருளாளரின் பதிவேட்டில் இருக்கிறது, அவர் தனியாக வாசிப்பார். நான் ஒரே விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன். வயலில் தெளிக்கிற நஞ்சு நம் உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது என்பதைப் பல வருடமாகத் தப்பாகவே புரிந்துவைத்திருந்தோம். அதைத் திருத்திக்கொள்வதிலேயே இந்த ஆண்டு போனது.

நஞ்சு என்று எழுதுகிறேன். பேசும்போது நாம் எல்லாருமே "மருந்து அடிக்கப் போறேன்", "மருந்து கலக்கணும்" என்றுதான் சொல்கிறோம். மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டதால், கொஞ்சம் மேலே பட்டால் என்ன ஆகிவிடும் என்று மனசு லேசாக எடுத்துக்கொள்கிறது. இனி சங்கம் எழுதும் எந்த அறிவிப்பிலும் அந்தச் சொல் வராது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். பேரை மாற்றி என்ன ஆகப் போகிறது என்று சிலர் கேட்டார்கள். களை எடுக்கப் போகிற ஒரு அக்கா எழுந்து, "புள்ள கையில டப்பா இருக்குறப்ப மருந்துன்னா மெதுவா வாங்கி வைப்போம், விஷம்னா ஓடிப்போய்ப் பிடுங்குவோம்" என்றார். அதோடு தீர்மானம் நிறைவேறியது.

போன ஆண்டு வரை முகக்கவசம் கொடுப்பதுதான் நம் பெரிய வேலை. மூக்கையும் வாயையும் மூடிவிட்டால் போதும் என்று நினைத்தோம். ஆனால் வயல் வேலையில் பூச்சிக்கொல்லி பெரும்பாலும் உள்ளே போவது தோல் வழியாக. தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறிஞ்சுவதும் இல்லை. 1971-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மனித உடம்பின் வெவ்வேறு இடங்களில் தடவிப் பார்த்தார்கள். முன்கையைவிட நெற்றி சுமார் 4 மடங்கும், காதுத் துளை 5 மடங்குக்கு மேலும், விதைப்பை 11 மடங்குக்கு மேலும் உறிஞ்சியது. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னோம், சொல்லியே ஆக வேண்டும். முதுகில் சுமக்கிற டேங்கின் மூடியில் வாஷர் தேய்ந்திருந்தால் கரைசல் முதுகில் வழிந்து, இடுப்பில் இறங்கி, தொடையிடுக்கில் போய் நிற்கிறது. உடம்பு அதிகமாக உறிஞ்சுகிற இடத்தில் நனைந்த துணி மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால் இந்த ஆண்டு முதலில் செய்தது டேங்க் சோதனை. வெறும் தண்ணீரை நிரப்பி, தோளில் மாட்டாமல் தரையில் வைத்து அழுத்தம் கொடுத்து, மூடி, குழாய், கைப்பிடி, நாசில் எல்லாவற்றிலும் கசிவு பார்ப்பது, அவ்வளவுதான். பெரிய செலவில்லாத இந்த வேலையை ஏன் முன்பே செய்யவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. அடைத்த நாசிலை வாயால் ஊதுகிற பழக்கத்தையும் விட்டாக வேண்டும். மென்மையான பிரஷ் ஒன்றை டேங்கிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், இப்போது பெரும்பாலும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இன்னொன்று, நாள் முழுக்கத் தெளிப்பதைவிட டப்பாவைத் திறந்து அளந்து கலக்குகிற அந்தச் சில நிமிடங்கள் மோசமானவை. தெளிக்கும்போது இருப்பது தண்ணீர் கலந்து நீர்த்த கரைசல், டப்பாவில் இருப்பது முழு வீரியம். எண்ணெய் போன்ற கரைப்பான் சேர்த்த திரவ வகைகள் தோலுக்குள் இன்னும் வேகமாக இறங்கும். தூள் வகை என்றால் கலக்கும்போது பறந்து மூக்குக்குள் போகும். இந்த வேலையை வெறும் கையோடு, குச்சிகூட இல்லாமல் செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இங்கே சங்கத்தின் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு நாம் கொடுத்த கையுறைகள் துணியால் ஆனவை. துணிக் கையுறையும் விலங்குத் தோலில் செய்த கையுறையும் நஞ்சை உறிஞ்சி, விரலோடு ஒட்ட வைத்துவிடும். சில சமயம் கையுறையே இல்லாமல் இருப்பதைவிட அது மோசம். அவற்றைத் திரும்ப வாங்கி அழித்துவிட்டோம். இப்போது கொடுப்பது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. இடுப்பு உயரத்துக்குத் தெளிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலே வர வேண்டும், மரத்தை நோக்கி மேலே தெளித்தால் கையுறை வெளியே வந்து ஓரம் மடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வழிகிற துளி உள்ளேதான் போகும். பேன்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே. கையுறையைக் கழற்றும் முன் கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். முகக்கவசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தூசிக்கான சாதாரணக் கவசம் ஆவியைத் தடுக்காது, அதற்கு கார்பன் வடிகட்டி உள்ளது வேண்டும், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தவும் வேண்டும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நம் உறுப்பினர் ஒருவர் மதியம் வரை தெளித்துவிட்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். தலைவலி, வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை. வெயில்தான் காரணம் என்று நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். நனைந்த சட்டையை யாரும் கழற்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது என்ன தெளித்தார் என்று கேட்டார்கள், கூடப் போன யாருக்கும் பெயர் தெரியவில்லை. டப்பாவை எடுத்துவர ஒருவர் திரும்ப ஓட வேண்டியிருந்தது. அவர் பிழைத்தார், இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஓட்டத்தில் போன நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகை, நரம்பின் செய்தியை நிறுத்தும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடுகிறது. நிறுத்த ஆளில்லாமல் நரம்பு சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் ஊற்றுகிறது, தசை துடிக்கிறது, மார்பு இறுகுகிறது. வெயில் மயக்கத்திலும் தலை சுற்றும், வாந்தி வரும், ஆனால் வாய் காய்ந்திருக்கும். எச்சில் ஒழுகி, கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் நஞ்சு என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள். முதலில் ஆடையைக் கழற்றிச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையுறை போட்டிருக்க வேண்டும், கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தண்ணீர் விடுங்கள். விழுங்கியிருந்தால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். ஏற்ற சிகிச்சை எது என்பது எந்த வகை நஞ்சு என்பதைப் பொறுத்தது. இந்த வகைக்கு அட்ரோபின் கொடுப்பார்கள், பாராகுவாட் போன்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. ஆகவே தெளிக்கத் தொடங்கும் முன் லேபிளைப் போட்டோ எடுத்து இரண்டு பேருக்கு அனுப்புவது இப்போது நம் சங்கத்தில் கட்டாயம்.

தெளிப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இன்னொரு தரப்பினரை விட்டுவிட்டோம். மறுநாள் காலை களை எடுக்கவும் அறுக்கவும் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், டேங்கைத் தொடாமலே இலையிலிருந்து நஞ்சை வாங்கிக்கொள்கிறார்கள். தெளித்த வயலுக்குள் எத்தனை மணி நேரம் போகக் கூடாது என்று லேபிளில் இருக்கும். அமெரிக்காவில், ஒரு நஞ்சுக்கென்று தனியாக நேரம் நிர்ணயிக்காத இடத்தில், நச்சுத்தன்மையைப் பொறுத்து 12, 24, 48 மணி நேரம் என்று விதியே இருக்கிறது. நாங்கள் சிவப்புத் துணிக் கொடி நட்டு, தெளித்த நேரத்தையும் நுழையலாம் என்ற நேரத்தையும் பலகையில் எழுதினோம். ஒரு நில உரிமையாளர் பலகையைப் பிடுங்கிப் போட்டார், அன்று அறுப்புக்கு ஆள் வேண்டுமாம். நம் பெண்கள் யாரும் இறங்கவில்லை. அன்றைய கூலி போனது, சங்க நிதியிலிருந்து பாதிதான் கொடுக்க முடிந்தது, மீதி இன்னும் பாக்கி.

வீட்டில் துவைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெளித்த உடையை மற்ற துணிகளோடு, குறிப்பாகக் குழந்தைத் துணியோடு, ஊற வைக்காதீர்கள். கையுறையோடு தனியாக, இரண்டு முறை துவையுங்கள். டப்பாவின் வீரியக் கரைசலே கொட்டி ஊறிய துணி துவைத்தாலும் சரியாகாது, அழித்துவிட வேண்டும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் குடிதண்ணீர் பிடிக்கிற வீடு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னாலும், கையுறையும் பூட்ஸும் கடைசித் தடுப்புதான். குறைந்த நச்சுள்ளதுக்கு மாறுவதும், தெளிக்காமலே சமாளிப்பதும் அதற்கு முன்னால் வர வேண்டும், அதை முடிவு செய்கிற அதிகாரம் கூலி வாங்குகிறவரிடம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 184-ஆம் உடன்படிக்கை, 2001-இல் வந்தது, விவசாயத்தில் ஆபத்தை மதிப்பிட்டுத் தடுக்கும் பொறுப்பை முதலாளியிடம்தான் வைக்கிறது. ஆபத்தான வேலைக்குப் பொதுவாக 18 வயது நிரம்பாதவரை வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதைச் சொல்லி உரிமையாளர்களுக்கு எழுதிய கடிதத்துக்கு இரண்டு பேர் மட்டும் பதில் தந்தார்கள். அந்த இரண்டு வயல்களிலும் இப்போது கழுவுவதற்குச் சோப்பும் தண்ணீரும் இருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கு ரத்தப் பரிசோதனை. கலிபோர்னியாவில் 1974 முதலே, ஆர்கனோபாஸ்பேட் அடிக்கடி கையாளுகிறவருக்குப் பருவம் தொடங்கும் முன் கோலினெஸ்டரேஸ் (நஞ்சு முடக்குகிற அந்த நொதி) அளவை ரத்தத்தில் பார்த்து வைத்துக்கொண்டு, சிவப்பணுவில் அது முதல் அளவின் 70 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த வேலையிலிருந்து விலக்குகிறார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் அந்த முதல் பரிசோதனை இல்லாமல் பிறகு எடுப்பதை ஒப்பிட முடியாது. அப்புறம், விலக்கி வைத்த நாட்களுக்குக் கூலியை யார் தருவது என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் இல்லாமல் யாரும் பரிசோதனைக்குக் கை நீட்ட மாட்டார்கள். இன்றைய கூட்டத்தில் முதலில் அதை எடுத்துக்கொள்ளும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்