குப்பியின் மேல் எழுதிய பெயர்

ஒளி உமிழும் மூலக்கூறுகளை ஆராயும் குழுக்களை நடத்தும் பேராசிரியர்களுக்கும், வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் மூலக்கூறு செய்கிற ஆள். நீங்கள் ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலம்) சாதனமாக்கி, நீலமோ பச்சையோ ஒளிரவைத்து, கட்டுரையின் முதல் படமாகப் போடுகிற அந்தப் பொடி, என்னைப் போன்ற ஒருவரின் கையிலிருந்துதான் வருகிறது. வினையை ஓட்டி, பொருள்களைப் பிரிக்கும் நிரப்பிய குழாயில் (காலம்) ஏற்றிப் பிரித்து, மறுபடிகமாக்கி, அப்புறம் கடைசியாக வெற்றிடக் குழாயில் வைத்துப் பதங்கமாக்குவோம். நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் பொடி சூடாகும். நமக்கு வேண்டிய பொருள் நடுவில் மஞ்சள் வளையமாகப் படியும். எளிதில் ஆவியாகிற அழுக்கு இன்னும் குளிர்ந்த பக்கமாகத் தள்ளிப் போய்ப் படியும், ஆவியாகாதது கறுப்பாக அடியில் தங்கும். மறுநாள் குழாயை வெளியே எடுத்து, பக்கத்து வளையத்தைத் தொட்டுவிடாமல் அந்த மஞ்சளை மட்டும் கரண்டியால் சுரண்ட வேண்டும். ஒரு கிராம் போட்டால் சில சமயம் அரைக் கிராம்கூடத் திரும்பாது.

ஒரு நீல உமிழியை, அதாவது நீல ஒளி தரும் மூலக்கூறை, இப்படி நான்கு மாதம் செய்தேன். முதல் இரண்டு தொகுதிகளில் சாதனம் சீக்கிரமே செத்தது. மூன்றாவது தொகுதி நின்றது. கட்டுரை வந்தபோது என் பெயர் நன்றியுரையில் இருந்தது: மாதிரிகள் தந்து உதவியதற்காம். ஆசிரியர் வரிசையில் இருந்த இருவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பழைய கணக்கைத் தீர்க்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையில் கணினிக் கணக்கு எந்த முறையில் போடப்பட்டது என்று அரைப் பக்கம் இருந்தது. மூன்றாவது தொகுதி ஏன் வேலை செய்தது என்று ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒளியை அளக்க நம் துறை எவ்வளவு பாடுபடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாதிரி விழுங்கிய ஒளித்துகள்களில் எத்தனை திரும்ப வெளியே வந்தன என்ற ஒரே ஒரு விகிதத்துக்காக, உள்ளே முழுக்க வெள்ளை பூசிய கோளத்துக்குள் மாதிரியை வைக்கிறோம். எந்தத் திசையில் போன ஒளியும் விட்டுப்போகக் கூடாது. கரைசலில் ஆக்சிஜன் இருந்தால் அளவு குறையும் என்று அதை வெளியேற்றுகிறோம். மாதிரி தன் ஒளியைத் தானே விழுங்கிக்கொள்வதற்குத் தனியாகத் திருத்தம் போடுகிறோம். (ஒருவர் தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டுவதற்கு இந்த அக்கறையில் பாதி காட்டலாம்.) இதில் எதையாவது சொல்லாமல் விட்டால் நடுவர் கட்டுரையைத் திருப்பி அனுப்புவார். அதே நடுவர் மறுநாள் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து, எதிரே இருக்கிறவரின் எச்-எண்ணை, அதாவது மேற்கோள்களை வைத்துப் போடும் மதிப்பெண்ணை, கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

அந்த எண்ணை 2005இல் முன்மொழிந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது மேற்கோள் என்றால் எச்-எண் 20. இதில் ஆசிரியர் வரிசையே கணக்கில் வராது. முதல் ஆசிரியருக்கும் பதினான்காம் ஆசிரியருக்கும் ஒரே மதிப்பு, நன்றியுரையில் நிற்பவருக்குச் சுழியம். நம் துறையில் இந்தக் கோளாறு வருடத்துக்கு வருடம் பெரிதாகிறது. 1987இல் கோடாக் ஆய்வகத்திலிருந்து டாங், வான் ஸ்லைக் இருவரும் அலுமினியம் சேர்மம் ஒன்றை வைத்து ஓஎல்இடி செய்து காட்டிய கட்டுரையில் ஆசிரியர்கள் அந்த இரண்டு பேர்தான். 1990இல் பாலிமரை ஒளிரவைத்த கேம்பிரிட்ஜ் கட்டுரையில் எட்டுப் பேர். இன்று ஒரு புதிய உமிழிக்கு அதைச் செய்பவர், படிக அமைப்பைப் பார்ப்பவர், கணிப்பவர், நானோ நொடிகளில் ஒளி தேய்வதை அளப்பவர், சாதனம் கட்டுபவர் எல்லாரும் வேண்டும். ஒருவரின் வேலை மற்றவருக்கு முழுதாகப் புரியாது. இத்தனை பேர் சேர்வதில் தவறே இல்லை. யார் எதைச் செய்தார் என்பது மட்டும் வெளியே தெரிவதில்லை.

தெரியாமல் போவதால் அறிவியலுக்கே என்ன நஷ்டம் என்பதற்குக் கார்பசோல் கதை ஒன்று போதும். உமிழிகள் செய்ய அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் கரிமச் சேர்மம் அது; கார்பசோல் இல்லாத உமிழி ஆய்வகம் அபூர்வம். அதன் வழிப்பொருள்கள் பலவற்றின் படிகங்கள் விளக்கை அணைத்த பிறகும் சில நொடிகள் ஒளிரும். மூலக்கூறுகள் படிகத்தில் அடுக்கியிருக்கும் விதம்தான் இதற்குக் காரணம் என்று பல கட்டுரைகள் அழகான படங்களுடன் விளக்கின. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பின் லியூ (Bin Liu) என்ற ஆய்வாளரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் கார்பசோலைக் குப்பியில் வாங்காமல் ஆய்வகத்திலேயே செய்து பார்த்தார்கள். அந்தப் பின்னொளி கிட்டத்தட்ட மறைந்துபோயிற்று. கடையில் வாங்கிய கார்பசோலில் அதன் மாற்றியம் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) ஒன்று அரை சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்திருந்தது. அதை ஆயிரத்தில் ஒரு பங்கு (0.1 மோல் சதவீதம்) சேர்த்தாலே ஒளி திரும்பி வந்தது.

பல ஆண்டுகள் பல பேர் அளந்து, கணித்து, விளக்கம் எழுதிய ஒளி பல இடங்களில் அழுக்கின் ஒளியாக இருந்திருக்கிறது. எந்தக் கடையின் கார்பசோல், எத்தனை முறை தூய்மையாக்கியது, யார் செய்தது என்ற மூன்று விவரங்கள் எல்லாக் கட்டுரையிலும் இருந்திருந்தால் சந்தேகம் எப்போதோ வந்திருக்கும். அப்புறம், அடுக்கு விளக்கம் தந்த கட்டுரைகளின் மேற்கோள்கள் இன்றும் அவரவர் எச்-எண்ணில் பத்திரமாக இருக்கின்றன. அந்த எண் ஏறத்தான் செய்யும், இறங்கத் தெரியாது.

‘அதற்குத்தான் பங்களிப்புப் பட்டியல் வந்துவிட்டதே’ என்பீர்கள். கிரெடிட் என்ற அந்த முறையில் பதினான்கு பணிகள் உண்டு, ஆய்விதழ்கள் பலவும் அதைக் கேட்கின்றன. நல்லதுதான். ஆனால் அதில் மூலக்கூறு செய்பவரின் இடம் எது என்று தேடிப் பாருங்கள். ‘ஆய்வு நடத்தல்’ என்று போடலாம். அதில் அளந்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள். இல்லையென்றால் ‘வளங்கள்’. கருவியை இரவல் தந்தவருக்கும் கணினி நேரம் ஒதுக்கியவருக்கும் அதே கட்டம்தான். நான்கு மாதம் குழாய் சுரண்டியவரும் அறைச் சாவியைக் கொடுத்தவரும் ஒரே வரியில். போதாததற்கு, இந்தப் பட்டியலைப் பெரும்பாலும் கட்டுரையைப் பதிவேற்றும் இரவில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து நிரப்புகிறார்.

மருத்துவ ஆய்விதழ்களை நடத்தும் இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இந்த விஷயத்தில் நமக்கு முன்னே நிற்கிறது. கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருந்தால்தான் ஆசிரியர் என்கிறார்கள். கூடவே, எழுதும் வாய்ப்பையே கொடுக்காமல் ஒருவரைக் கழித்துவிட இந்த விதியைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நடந்தது அந்தக் கழித்தல்தான்.

பெயர் சேர்ப்பது வேடிக்கையாகவும் நடந்திருக்கிறது. 1975இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரை முழுக்க ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டார். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்று தெரிந்ததும், மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டுத் தன் பூனையை இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். அந்தப் பூனையை எனக்குப் பிடிக்கும். அது யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாதிரி தந்த எல்லாரையும் ஆசிரியராக்க முடியாது. ஏற்கெனவே வெளியான செய்முறையை அப்படியே பின்பற்றி ஒரு கிராம் செய்து கொடுத்தால் நன்றியுரையே சரி. எனக்கே அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது, மனக்குறை இல்லை. தூய்மைதான் முடிவை மாற்றியது என்றால் கதை வேறு. ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழு 2001இல் அறிவித்த கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கரைசலில் ஒளிராத மூலக்கூறு ஒன்றுகூடும்போது ஒளிரும் என்பது. கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் டிஎல்சி தட்டில் வைத்த புள்ளி ஈரமாக இருந்தவரை யுவி விளக்கின் கீழ் இருட்டாக இருந்து, காய்ந்ததும் பளிச்சென்று வந்ததைக் கவனித்ததில் தொடங்கியது அது. தூய்மையைச் சோதிக்கிற தினசரி வேலை அது, யாரும் பெரிதாக மதிக்காதது.

எனவே பேராசிரியர்களே, பங்களிப்புப் பட்டியலை ஆய்வு தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் பார்த்துத் திருத்தும்படி செய்யுங்கள். ‘செய்தல், தூய்மையாக்கல்’ என்று ஒரு வரியை நீங்களாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கமாக எழுத வேண்டாம் என்று எந்த இதழும் சொல்வதில்லை. தேர்வுக் குழுவினரே, எண்ணைக் கேட்பதற்குப் பதில் ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, இதில் உங்கள் கை பட்ட இடம் எது, அங்கே எது தவறிப்போனது என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். செய்தவர் பதில் சொல்லிக்கொண்டே போவார்.

எங்கள் அலமாரியில் ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சேர்மத்தின் எண், தொகுதி எண், தேதி, செய்தவரின் முதலெழுத்துகள். குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுரையைத் திறக்கும்போது இந்த நான்கில் முதலாவது மட்டும்தான் உள்ளே வருகிறது. மற்ற மூன்றையும் துணைத் தகவல் பக்கத்தில் சேர்க்க ஒரு வரி போதும். உங்கள் அடுத்த கட்டுரையிலேயே தொடங்கலாம்.

அன்புடன்,
மூலக்கூறு செய்யும் ஒருவர்