மலாக்காவுக்கு மூன்று மணி நேரம் போதாது, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். கோலாலம்பூரில் மூன்று நாள், மலை வாசஸ்தலத்தில் ஒரு நாள், நடுவில் ஒரே ஒரு வரி: "மலாக்கா, காலை 11 முதல் 2 வரை, மதிய உணவுடன்." அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. உங்களைப் போல வரப்போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். பஸ் செந்நிறக் கட்டடங்கள் சூழ்ந்த சிவப்புச் சதுக்கத்தில் இறக்கிவிட்டது. கடிகாரக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், சாப்பாடு, மறுபடியும் பஸ். இரண்டாம் முறை தனியாகப் போய் இரண்டு இரவு தங்கினேன். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆற்றிலிருந்துதான் ஊர் பிறந்தது. 1400 வாக்கில் சுமத்திராவிலிருந்து வந்த இளவரசன் பரமேசுவரன் அதன் முகத்துவாரத்தில் குடியேறினான். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து அங்கே போகும். வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்ப முடியாது. சீனக் கப்பல்களோ அந்த வடகிழக்குக் காற்றில்தான் வந்து சேரும். எனவே சரக்கை மாற்றிக்கொள்ள எல்லோரும் மாதக்கணக்கில் அங்கேயே காத்துக் கிடந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் அங்கேயே பெண் எடுத்தார்கள், வீடு கட்டினார்கள். 1511இல் போர்ச்சுகீசியர், 1641இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று கோட்டைக்கு உரியவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் குடியேறியவர்களின் தெருக்கள் அப்படியே நின்றன. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும், பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து, இந்தத் தெருக்களைத்தான்.

சதுக்கத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. 1650 வாக்கில் எழுந்த டச்சு ஆளுநர் மாளிகை இன்று அருங்காட்சியகம். பக்கத்தில் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம். உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். கூரையின் ஒவ்வோர் உத்தரமும் 48 அடி நீளம், ஒட்டில்லாமல் ஒரே மரத்தில் அறுத்தது. இன்னொன்று, அந்தச் சிவப்பு டச்சுக்காரர்களுடையது அல்ல. அவர்கள் காலத்தில் இக்கட்டடங்கள் வெள்ளையாக இருந்தன. சிவப்பு பின்னால் ஆங்கிலேயர் பூசியது. வெளியே பாட்டை அலறவிட்டபடி அலங்கார ரிக்‌ஷாக்கள் நிற்கும். சித்திக்குப் பிடித்தால் ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

அங்கிருந்து பின்பக்கக் குன்றில் ஏறவேண்டும். படிகள்தான், ஆனால் அதிகமில்லை. உங்கள் முழங்காலை நினைத்துத்தான் காலை எட்டு மணிக்கே ஏறச் சொல்கிறேன். பத்தானால் வெயில் தாங்காது. மேலே 1521இல் சிறு கோயிலாகத் தொடங்கிய புனித பவுல் ஆலயம், கூரையில்லாமல், சுவர் மட்டுமாக நிற்கிறது. ஆளுயர டச்சுக் கல்லறைக் கற்களைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். நடுவில் கம்பி வலை போட்டு மூடிய ஒரு குழி. பெரும்பாலானவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நீங்கள் நகர்ந்துவிடாதீர்கள். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மணப்பாட்டுக்குக் கூட்டிப்போனீர்களே, நினைவிருக்கிறதா? மணல்மேட்டுக் கோயிலுக்குக் கீழே கடலைப் பார்த்த குகையைக் காட்டி, "சவேரியார் தங்கியிருந்த இடம்டா இது" என்றீர்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார், பத்தாண்டு கழித்துச் சீனக் கரையோரத் தீவில் இறந்தபின், 1553இல் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்தது இந்தக் குழியில்தான். பிறகுதான் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் 1952இல் வைத்த அவருடைய சிலை இருக்கிறது, வலக்கை இல்லாமல். மரம் விழுந்து ஒடிந்ததாகச் சொல்கிறார்கள். அந்த வலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உங்கள் சைக்கிளின் முன்கம்பி ஞாபகம்தான் வந்தது. உங்களை அங்கே நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் போர்ச்சுகீசியக் கோட்டையில் மிஞ்சிய ஒரே வாசல். ஆங்கிலேயர் 1807இல் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள்; ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் குறுக்கிட்டதால் இந்த வாசல் தப்பியது. மேலே டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கும். போர்ச்சுகீசியன் கட்டிய வாசலில் டச்சுக்காரன் முத்திரை. அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், தேய்ந்திருந்தாலும் தெரியும்.

இனிதான் முக்கியமான இடம். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஜோங்கர் தெரு. கூட்டம் முழுக்க அங்கேதான் இருக்கும். அதை விட்டு அடுத்த தெருவுக்குத் திரும்புங்கள்: ஜாலான் துக்காங் எமாஸ். பொற்கொல்லர் தெரு என்று பொருள். அங்கே பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. சித்தப்பா, பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொன்ன சொல் பொய்க்காத பிள்ளையார். டச்சு அரசு தவிநாயகர் செட்டி என்பவருக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த கோயில். வானளாவும் கோபுரம் கிடையாது. தெருவின் மற்ற கட்டடங்களோடு தோளுரசி அடக்கமாக நிற்கிறது. சில அடிகள் தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் கூரை மூன்றடுக்கு, மினாரா சீனப் பகோடா போல. இன்னும் கொஞ்சம் நடந்தால், 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழிபாடு நடக்கும் செங் ஹூன் தெங் சீனக் கோயில். ஐந்து நிமிட நடைக்குள் மூன்றும். சாயங்காலம் போங்கள். பிள்ளையார் கோயில் மணியும், பாங்கும், சீன ஊதுவத்திப் புகையும் ஒரே தெருவில் வந்து சேர்கிற நேரம் அது.

அந்தப் பிள்ளையார் கோயிலைக் கட்டியவர்கள் யார்? நம் நகரத்தார் அல்லர். அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொடுக்கல் வாங்கலுக்கு வந்தவர்கள். இவர்கள் மலாக்கா செட்டிகள்; போர்ச்சுகீசியருக்கு முன்பு, மலாக்காவை ஆண்ட சுல்தான்கள் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றியவர்கள். அவர்களில் ஒருவரைப் போர்ச்சுகீசிய ஏடுகள் 'நினா சத்து' என்று குறிக்கின்றன. சிறைப்பட்ட போர்ச்சுகீசியருக்கு உதவியதற்காக 1511க்குப் பின் உயர்ந்த பதவி பெற்றார். 1514இல் அதைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தபோது, வாசனைக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, ஊரார் பார்க்க அதில் இறங்கிவிட்டார். அந்நியனுக்கு உதவியவர் என்று அவரை எளிதாக ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தீயைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

மலாக்கா செட்டிகளின் வழிவந்தோர் இன்றும் காஜா பெராங் சாலையில் கம்போங் செட்டி என்ற சிறு குடியிருப்பில் இருக்கிறார்கள். சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மாரியம்மன் கோயில் வாசலில் சரோங் கெபாயா என்ற மலாய் உடை உடுத்திய ஒரு மூதாட்டி விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தமிழில் பேசினேன், புன்னகைத்துக் கையை விரித்தார். வீட்டில் அவர்கள் பேசுவது மலாய்தான், தலைமுறைகளாக. பிறகு அவர் திருநீற்றுத் தட்டை நீட்டினார். நான் மூன்று விரலால் எடுத்துப் பூசிக்கொண்டேன். அவரும் அதே மூன்று விரலால் பூசிக்கொண்டார். மொழி போனபின்னும் அந்த மூன்று விரல் மறக்கவில்லை.

போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படைக்கிறார்கள். பார்ச்சு என்கிறார்கள் அதை. சித்திரை, வைகாசி வாக்கில் மாரியம்மனுக்குத் திருவிழா. அவளை 'டத்தோ சாச்சார்' என்றும் அழைக்கிறார்கள். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். நம் ஊரில் அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்போமே, அதையே அவர்கள் மலாயில் சொல்கிறார்கள். குடியிருப்பின் முகப்பில் ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு. அரை மணியில் பார்த்துவிடலாம். ஆனால் அங்கிருப்பவர்களிடம் பேசுங்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

இரவில் படகில் ஏறுங்கள். போய்வர முக்கால் மணி ஆகும். கரை வீடுகளின் பின்சுவர்களில் ஓவியங்கள், கம்போங் மோர்டனின் மரவீடுகள், விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர். பகலில் அதே கரையில் பெரிய உடும்புகள் வெயில் காயும். சித்தி பயந்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நேரம் மிஞ்சினால் உஜோங் பாசிரில் போர்ச்சுகீசிய வம்சாவளியினரின் கடலோரக் குடியிருப்பு, சூரியன் சாயும்போது நீரின்மேல் நிற்கும் மலாக்கா நீரிணைப் பள்ளிவாசல். வானுயரச் சுழலும் கோபுரம் ஒன்றும் உண்டு. அதை விட்டுவிட்டாலும் குறையில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஜோங்கர் தெருவில் சந்தை கூடும், அறை வாடகையும் ஏறும். அதனால் புதன், வியாழன் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூர் தெற்கு முனையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். மலை வாசஸ்தலத்தின் அந்த ஒரு நாளை இங்கே மாற்றச் சொல்லிப் பயண ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். மறுத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து உங்கள் இருவரையும் கூட்டிப்போகிறேன். ஆற்றைப் பார்த்தபடி, மாடிப்படி இல்லாத அறையாகப் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்