கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் பகுதியில் நடக்கும் சிறுவர் உதைபந்தாட்டப் போட்டிகளில் ஏழெட்டு வருடமாக மத்தியஸ்தருக்கு உதவியாகக் கோட்டுக்கொடி பிடித்து வருகிறேன். கொடி பிடிப்பவனுக்கு ஆட்டம் கண்ணுக்கு முன்னால் நடக்கும், சனம் முதுகுக்குப் பின்னால் நிற்கும். இவ்வளவு காலமும் பின்னால் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். போன மாதம் நடந்ததற்குப் பிறகு அப்படி வைத்திருக்க முடியவில்லை.

12 வயதுக்குட்பட்டோருக்கான அரையிறுதி ஆட்டம் அது. முடிய நாலு நிமிடம்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கோல் இல்லை. மூலை உதையில் வந்த பந்து கூட்டத்துக்குள் விழுந்து, ஒரு பையனில் பட்டு உள்ளே போனது. மத்தியஸ்தர் விசில் ஊதிக் கோல் கொடுத்தார். சனம் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டது. பந்து எதில் பட்டது என்று எனக்குத் தெரியவில்லை, மூன்று பேர் மறைத்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க வேண்டியவன் நான், பார்க்கத் தவறிவிட்டேன். அப்போது கோல் அடித்த அந்தப் பையனே மத்தியஸ்தரிடம் போய், முழங்கையைத் தொட்டுக் காட்டி, "சேர், என்ர கையில பட்டுத்தான் போனது" என்றான்.

அடித்தவனின் கையில் பட்டு நேரே உள்ளே போன பந்து, தற்செயலாகப் பட்டதென்றாலும் கோல் ஆகாது. மத்தியஸ்தர் அவனுடைய தோளில் தட்டிவிட்டுக் கோலை நீக்கினார். எதிரணியின் கோல் காப்பாளர் அவ்வளவு தூரம் ஓடிவந்து அவனுக்குக் கைகொடுத்தான். இத்தனை வருடத்தில் அந்த மைதானத்தில் நான் கண்ட நல்ல காட்சி அதுதான்.

அப்புறம் தண்ட உதையில் அவனுடைய அணி தோற்றுப்போனது. நான் கொடியைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும்போது, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் வேப்பமரத்தடியில் தகப்பன் அவனைக் கையில் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "உன்னட்ட ஆர் கேட்டது? வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தா கப் எங்கட கையில." பையன் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், மற்றது காலில் இருந்தது. பயிற்றுநர் பக்கத்தில்தான் நின்றார், ஒரு சொல் பேசவில்லை. அன்றிலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

2000 டிசம்பரில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை உதைபந்தாட்டம் பார்ப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எவர்ட்டன் கோல் காப்பாளர் காயப்பட்டு விழுந்து கிடக்க, வெஸ்ட் ஹாம் வீரர் பாவ்லோ டி கானியோ தனக்கு வந்த பந்தைக் கோலுக்கு அடிக்காமல் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணியின் மைதானத்தில் இருந்த சனமே எழுந்து நின்று கைதட்டியது. பிறகு பீபா அவருக்கு நேர்மைக்கான விருது கொடுத்தது. அதே குணத்தை எங்கள் ஊரில் ஒரு சின்னப் பிள்ளை காட்டினான், அவனுக்குக் கிடைத்தது ஏச்சு.

இன்னொரு நாள், மாற்று வீரனாக இறங்க நின்ற ஒரு பையன் கொஞ்சம் பெரியவனாகத் தெரிந்தான். "தம்பி, எத்தனையாம் ஆண்டு பிறந்தனீர்?" என்று சும்மா கேட்டேன். அவன் எனக்குப் பதில் சொல்லவில்லை. முதலில் பயிற்றுநரின் முகத்தைப் பார்த்தான், அப்புறம்தான் ஒரு ஆண்டைச் சொன்னான். தன் பிறந்த ஆண்டைச் சொல்ல ஒரு பிள்ளை ஏன் இன்னொருவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்? இடப்பெயர்வுகளில் எங்களில் எத்தனையோ பேரின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது. வயதை மட்டுமட்டாகச் சொன்னவர்களும் உண்டு, அதில் குற்றம் இல்லை. இன்றைக்கு 12 வயதுப் போட்டியில் இறங்குகிற பிள்ளை யுத்தம் முடிந்து வருடங்கள் கழித்துப் பிறந்தவன், அவனுடைய சான்றிதழ் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இப்போது வயதைக் குறைப்பவர்கள் தெரிந்துதான் செய்கிறார்கள். அமெரிக்காவில் 2001இல் 12 வயதுப் பேஸ்போல் போட்டியில் ஒருவன் கலக்கினான், அவனுக்கு 14 வயது என்று பிறகு தெரியவந்தது. அணியின் வெற்றிகள் எல்லாம் அழிக்கப்பட்டன. தாளைத் திருத்தியதில் தகப்பனுக்குப் பங்கு இருந்தது, ஆனால் உலகம் முழுவதும் அடிபட்டது பிள்ளையின் பெயர்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை பந்தோடு வருகிறான். எனக்குப் பின்னால் தகப்பன் "அடி, அடி" என்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து பயிற்றுநர் "குடு, குடு" என்கிறார். பிள்ளை பந்தில் காலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறான். அதற்குள் எதிரணிப் பையன் வந்து பந்தை எடுத்துவிடுகிறான். உடனே இரண்டு பக்கமிருந்தும் ஏச்சு. இதை நான் ஒரு தடவை இரண்டு தடவை பார்க்கவில்லை, ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கிறேன்.

2009இல் நாங்கள் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது, கூடாரங்களுக்கு நடுவே பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பழைய துணியைச் சுற்றி, மேலே பொலித்தீன் கட்டிய பந்து. மத்தியஸ்தர் இல்லை, கோடு இல்லை, கோலுக்கு இரண்டு தண்ணீர்க் கான். சண்டை வரும்தான். "கோல்", "இல்லை" என்று கொஞ்ச நேரம் கத்துவார்கள், பிறகு ஒருவன் "சரி, திரும்ப அடி" என்பான், ஆட்டம் ஓடும். பெரியவர்களாகிய எங்களுக்கு அப்போது பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க மனமும் இல்லை, நேரமும் இல்லை. எல்லாம் இழந்து வந்தவர்கள் பிள்ளையின் கையில் ஒரு கப்பைப் பார்க்க ஆசைப்படுவது எனக்கு விளங்குகிறது. நானும் அந்தச் சனத்தில் ஒருவன்தான். ஆனால் அன்றைக்குத் தங்கள் சண்டையைத் தாங்களே தீர்த்த வயதில் இருக்கிற பிள்ளைகளை, இன்றைக்கு ஒரு பந்தை எங்கே தட்டுவதென்றுகூடத் தீர்மானிக்க நாங்கள் விடுவதில்லை.

நோர்வேயை வன்னிச் சனத்துக்கு 2002 சமாதானப் பேச்சு நாட்களிலிருந்து தெரியும். அந்த நாட்டு விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி, பிள்ளை 11 வயதை எட்டும்வரை புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ போடக்கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி கிடையாது. அப்படி வளர்ந்த பிள்ளைகள் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் எடுத்து முதலிடத்துக்கு வந்தார்கள். சின்ன வயதில் கப்பைத் துரத்தாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்பவர்களிடம் இதைத்தான் நான் சொல்வது.

போட்டி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2019இலிருந்து உதைபந்தாட்ட விதிப்படி பயிற்றுநருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பயிற்றுநர் இருக்கையிலிருந்து கத்தியது யாரென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அங்கே இருக்கும் தலைமைப் பயிற்றுநருக்கே அந்த அட்டை போகும். எங்கள் மைதானங்களில் அந்த அட்டை சட்டைப்பையை விட்டு வெளியே வந்ததை நான் காணவில்லை. ஊருக்குள் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டுமே என்று மத்தியஸ்தர் தயங்குகிறார். கழகத் தலைவர்கள் அவருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் காட்டுவார்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஐயா. சிறுவர் போட்டிச் செய்திகளில் வரும் படங்களைப் பாருங்கள். முன்வரிசையில் பிரதம விருந்தினரும் அனுசரணையாளரும் கப்பைப் பிடித்திருப்பார்கள், பிள்ளைகளின் தலை பின்னால் பாதி தெரியும். அடுத்த முறை பிள்ளைகளை முன்னுக்கு விடச் சொல்லுங்கள். யார் வென்றது என்பதோடு, எதிரணிப் பிள்ளையைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் யார் என்பதையும் இரண்டு வரி போடுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் பக்கம் மறுபடி போட்டி. நீளமான நைலோன் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். கோட்டிலிருந்து நாலு எட்டுத் தள்ளிக் கட்டை நட்டுக் கட்டப் போகிறோம், பெற்றோர் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். எங்கே அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லக்கூடாது.

வேப்பமரத்தடியில் நின்ற அந்தத் தகப்பன் உங்கள் பத்திரிகை எடுப்பவர் என்று அறிந்தேன். இதை அவர் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தம்பி, உங்கள் மகன் அன்றைக்கு என்னுடைய பிழையைத் திருத்தினான். அவனைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கோட்டுக்கொடி பிடிக்கும் வாசகர்,
விசுவமடு.