நம் பாய்மரப் படகுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஊர்களில் இருந்து வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும், தொண்டிக் கரையில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஐந்து முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம் சேரவில்லை. ஆயுத பூஜைக்குத் தொண்டிக் கரையில் இருக்கும் நம் படகுக் கொட்டகையில் படகுகளுக்குச் சந்தனம் குங்குமம் இட்டுப் பொரிகடலை வழங்கினோம். கூரையில் மூன்று தகரம் மாற்றினோம். மறைந்த மூத்த அங்கத்தினர் ஒருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்தோம். பதிவாளர் அலுவலகத்துக்குரிய கணக்கும் படிவங்களும் தயாராக இருக்கின்றன. இன்று ஒப்புதல் கிடைத்தால் இந்த மாதத்துக்குள் தாக்கல் ஆகிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நம் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று. பாக் விரிகுடா கலங்கி அடிக்கும், படகுகளைக் கொட்டகைக்குள் கவிழ்த்து வைத்துவிடுவோம். தை பிறந்து வாடை தணிந்தால்தான் நமக்கு வேலை. மாசி, பங்குனியில் காலை பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று கரையைப் பார்த்து வரும். கற்றுக்கொள்கிற பிள்ளை, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கைவிட்டாலும் அந்தக் காற்றே கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். சித்திரைக்குப் பிறகு கச்சான். அது நிலத்தில் இருந்து கடலுக்கு அடிப்பது. தண்ணீர் தாம்பாளம் மாதிரி கிடக்கும், பார்க்கிறவருக்குப் பயமே வராது. ஆனால் சிறு படகை அது கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை தொடங்குகிற சமயத்தில் நாமும் பாயைச் சுருட்டி வைப்பது இதனால்தான்.

இனி இந்த ஆண்டின் பெரிய காரியத்துக்கு, பிள்ளைகளுக்கென்று மூன்று ஆப்டிமிஸ்ட் படகுகள் கட்டியதற்கு, வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

நம்மிடம் இருந்தவை பெரியவர்கள் ஓட்டும் இரண்டு பழைய எண்டர்பிரைஸ் படகுகள் மட்டுமே. பிள்ளைகளுக்கென்று படகு இல்லாமல் சங்கம் நிலைக்காது என்று மூன்று ஆண்டாகச் சொல்லி வந்தேன். "கடல் இல்லாத ஊருக்குப் படகு எதற்கு" என்று இதே மேடையில் கேட்டார்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகில் வெண்கலம் வாங்கிய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். வேலூருக்குக் கடல் எங்கே இருக்கிறது? சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், இந்தப் பந்தயத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்கள். நம் வீட்டு வளவில் நிற்கிற தேக்குத் தூண் பர்மாவில் இருந்து கப்பலில் வந்தது. நமக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆப்டிமிஸ்ட் என்பது ஒரு பிள்ளை தனியாக ஓட்டும் படகு. நீளம் 2.3 மீட்டர், பாய் ஏறக்குறைய 3.5 சதுர மீட்டர். 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் ஏழைப் பிள்ளைகளும் ஓட்டட்டும் என்று இரண்டே பிளைவுட் பலகையில் செய்து முடிக்கும்படி வரைந்து கொடுத்தது. இன்று ஃபைபரில் புதிதாக வாங்குவது நம் சக்திக்கு மீறியது. ஆனால் மரவேலைக்கு நம் ஊரில் ஆளா இல்லை? நிலையும் கதவும் இழைத்தே கை பழகிய காரைக்குடி ஆசாரி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "உத்திரம், கதவு, ஊஞ்சப் பலகை எல்லாம் பண்ணியாச்சு. தண்ணி புகக்கூடாதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. பண்ணிப் பாப்போம்" என்றார்.

முதல் பிரச்சினை பலகை. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது. இரண்டு கடைகளில் ஒவ்வொரு துண்டு வாங்கி, விறகடுப்பில் அண்டா ஏற்றி, நானும் ஆசாரியின் மகனும் முறை வைத்து வேகவைத்தோம். ஒரு துண்டு மறுநாள் காலையிலேயே பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து மிதந்தது. இன்னொன்று மூன்றாம் நாளும் தட்டினால் கட்டைச் சத்தம் கொடுத்தது. அந்தக் கடையிலேயே வாங்கினோம்.

கானாடுகாத்தானில் ஆச்சி ஒருவர் தம் வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது உள்முற்றப் பகுதியை, நான்கு மாதம் விட்டுக் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் எபாக்சியைக் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். அந்த வீட்டுத் தடித்த சுவருக்குள் விடியற்காலை நாலரை மணிக்குக் கலந்தால்தான் பூசுவதற்கு நேரம் கிடைத்தது. பலகைகளைச் செப்புக்கம்பியால் தைத்து, மூலைகளில் எபாக்சிப் பசை வைத்து, கண்ணாடி இழைத்துணி ஒட்டி, காய்ந்த பிறகு கம்பியை வெட்டி உருவினோம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆணி, போல்ட் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். நான் வாங்கி வந்த 304 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வைத்து, மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் கடற்காற்றுக்குத் தாங்கும் என்று வாங்க வைத்தார். அலுமினியப் பாய்மரத்தில் எஃகு படுகிற இடத்தில் எல்லாம் நைலான் வாசர் போடச் சொன்னவரும் அவர்தான். ஒரு பருவம் முழுக்கக் கடலில் கிடந்தும் ஒரு போல்ட்டில் கூடத் துரு இல்லை.

மூன்று படகுகளையும் ரைஸ்மில் தராசில் நிறுத்தோம். முறையான எடை 35 கிலோ. நம்முடையவை 39, 41, 43. பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள், பழகுவதற்கு ஒரு குறையும் இல்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம்.

படகுகளைப் பின்வாசல் வழியாக எடுப்பது சுலபம். ஆச்சி சம்மதிக்கவில்லை. "பிள்ளைக ஏறுற படகு, பின்வாசல் வழியாவா போறது? முகப்பு வழியாத்தான் போகணும்" என்றார்கள். ஒவ்வொன்றையும் ஒருக்களித்துப் பிடித்து, வளவு கடந்து, பட்டாலை கடந்து, நிலையில் உரசாமல் சாக்கு கட்டி வெளியே கொண்டுவந்தோம். ஆச்சி வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். குட்டியானையில் வைக்கோல் பரப்பி மூன்றையும் ஏற்றித் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குக் கொண்டுபோனோம்.

2025 குடியரசு நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. காலையில் கொடியேற்றிவிட்டு மூன்று படகையும் தண்ணீரில் விட்டோம். அன்றைக்கு முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு வந்தவர்கள் ஐந்து பேர்.

பருவத்தில் பதினோரு பிள்ளைகள் பழகினார்கள். நம் கரை ஆழம் குறைந்த சேற்றுக்கரை. படகு முழுக்கக் கவிழ்ந்தால் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொள்கிறது, தூக்குவதற்குள் வளைந்துவிடும். இரண்டாம் வாரமே ஒன்று வளைந்தது. இப்போது பாயின் உச்சியில் காலித் தண்ணீர் பாட்டில் இரண்டு கட்டியிருக்கிறோம், அதன் பிறகு வளையவில்லை. கடற்புல் மேல் நங்கூரம் போடக்கூடாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற புல் அது. நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது.

பங்குனியில் ஒரு ஞாயிறு நடந்ததைச் சொல்லாமல் இந்த அறிக்கை முடியாது. காலை பத்து மணிக்கு எதிர்பாராமல் கச்சான் விழுந்தது. பழைய எண்டர்பிரைஸில் இரண்டு பையன்கள், பதினாலும் பதினைந்தும் வயது, பாயை இறக்கத் தெரியாமல் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். மீட்புப் படகின் எஞ்சின் கயிற்றை நான் இழுத்தேன், இழுத்தேன், பிடிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை. முந்தின புதன்கிழமை அங்கத்தினர் சிலர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று இங்கே எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

வலை இழுத்துவிட்டு வந்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் வள்ளத்தைத் திருப்பிப் போய் இரண்டு பிள்ளைகளையும் படகையும் கட்டி இழுத்து வந்தார். அந்த முக்கால் மணி நேரம் கரையில் நின்ற பெற்றோர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. "என் மகளும் கொட்டகைப் பக்கமே நிக்கிறா. அவளுக்கும் ஒரு எடம் குடுங்க" என்றார். அவருடைய தகப்பனார் காலத்தில் இந்தக் கரையில் வத்தைகள் பாயிலேயே ஓடின என்றும், காற்று கூடினால் படகுக்குக் குறுக்கே பலகை போட்டு, ஆட்கள் காற்று வருகிற பக்கம் பலகை நுனி வரை போய் உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள் என்றும் சொன்னார். நாம் பிள்ளைகளைப் படகு விளிம்பில் சாயச் சொல்லிக் கொடுப்பதும் அதே வேலைதான்.

அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது. மறு வாரமே படகில் ஏற்றினோம். மற்றப் பிள்ளைகள் பாயையே பார்த்துக்கொண்டிருக்க, இவள் தூரத்து நண்டுவலை மிதவைகளில் கட்டிய கொடிகளைப் பார்த்துக் காற்று திரும்புவதை முன்கூட்டியே சொல்கிறாள். கரைப் பிள்ளைகளிடம் சந்தா வாங்காமல் சேர்ப்பது என்று செயற்குழுவில் தீர்மானம் வைத்தேன். "கட்டணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு நேரம் குறையும்" என்று எதிர்ப்பு வந்து, தீர்மானம் இன்றைய பொதுக்குழுவுக்குத் தள்ளப்பட்டது. நம் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் பிள்ளையிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்ட என்னால் முடியாது.

சந்தா விஷயம். பட்டியலில் 46 அங்கத்தினர்கள். முழுச் சந்தா கட்டியவர்கள் 19. பாதி கட்டியவர்கள் 9. மீதிப் பேருக்கு மூன்று கடிதம், எத்தனையோ போன். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் கேட்காமலே அனுப்பிவிட்டார்கள். பாக்கி முழுவதும் இங்கே கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுடையது. ஊர்க்கோயில் புள்ளி வரியை ஒரு நாள் பிந்தாமல் கட்டுகிறவர்கள் நாம். மாதம் 200 ரூபாய் வீதம் வருகிற சந்தாவில் மட்டும் ஏன் இந்தத் தாமதம் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வாட்ஸப்பில் பராமரிப்பு ஞாயிறு என்று போட்டால் கட்டைவிரல் இருபது வருகிறது, கொட்டகைக்கு நான்கு பேர் வருகிறார்கள். பணம் முடியாதவர்கள் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்தாலும் போதும், அதுவும் சந்தாதான் என்று பல முறை சொல்லியிருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் ஐந்தொகையாக வைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் வரவு. படகு கட்டியது, கொட்டகை வாடகை, பெட்ரோல், உயிர்காப்பு மேலங்கிகள் பெரிய செலவு. வரவை மிஞ்சிய செலவைச் செயலாளராகிய நான் கைமாற்றாகக் கொடுத்தது பேரேட்டில் இருக்கிறது. அதற்கு நான் அவசரப்படவில்லை. விவரம் வேண்டுபவர்கள் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

இரண்டாங்கட்டைக் கொடுத்த ஆச்சி, ஆசாரி, அவர் மகன், சிக்ரி ஐயா, வள்ளத்துக்காரர், கடலைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சொல்லிக்கொடுத்த அழகப்பா பல்கலைக்கழகத் தொண்டி வளாகத்தார், தலைவர், பொருளாளர், இந்த மண்டபத்தை இலவசமாகத் தந்தவர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வருகிற தைப் பருவத்துக்கு ஒரு விதியைச் சேர்க்கக் கேட்கிறேன். மீட்புப் படகின் எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடிக் காட்டிய பிறகே பாய் விரிக்க வேண்டும். கச்சான் அடித்தால் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கடல் கிடையாது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று படகின் அடியையும் தேய்த்து மறுபடி வண்ணம் பூச வேண்டும். இரண்டு பாய்க்கு ஓரம் தைக்க வேண்டும். நான்காவது படகுக்குப் பலகை கேட்டிருக்கிறார் ஆசாரி. பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே அது முடிந்துவிடும். எனக்கு முழங்கால் வலி. ஏழு ஆண்டாகக் கொட்டகைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. இளையவர் யாராவது துணைச் செயலாளராக வந்தால் இந்தப் பருவம் முழுவதும் கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பேன். யாரும் வராவிட்டாலும் தையில் கொட்டகை திறக்கும். அடுத்த ஆண்டைப் பற்றி அந்த வாக்கைக் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறேன்.

மார்கழி முதல் ஞாயிறு, டிசம்பர் 21, பராமரிப்பு வேலை தொடங்குகிறது. காரைக்குடிப் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரைக்கு வேன் புறப்படும், பதினான்கு இடம் இருக்கிறது. பழைய வேட்டித் துணி இருந்தால் கொண்டு வாருங்கள், வண்ணம் துடைக்க வேண்டும். வருகிறவர்கள் முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிட்டால் இட்லிப் பொட்டலம் எங்கள் வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு வருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்