அணுசக்தித் துறைக்கு: கொஞ்சம் எஃகைப் பற்றியும் பேசுங்கள்

மும்பையில் இருக்கும் அணுசக்தித் துறைத் தலைமையகத்தாருக்கு, செம்பூரிலிருந்து வணக்கம்.

ரசாயன ஆலைக் குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. கல்பாக்கம் உலையைப் பற்றி நம் ஆட்களிடையே பேச்சு வந்தால் யுரேனியம், புளூட்டோனியம், தோரியம் என்று எரிபொருள் புராணம்தான் ஓடும். அதையெல்லாம் தாங்கி நிற்கும் எஃகை யாரும் கண்டுகொள்வதில்லை.

கல்பாக்கத்தில் உள்ள 500 மெகாவாட் ஈனுலையின், அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலையின், நீராவி ஆக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். உலையின் சூட்டைச் சுமந்து வரும் சோடியத்தால் தண்ணீரை நீராவியாக்கும் கருவி அது. குழாய்க்கு வெளியே சுடச்சுட உருகிய சோடியம், உள்ளே தண்ணீர். இரண்டும் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நடுவில் இருப்பது இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள குரோமியம்-மாலிப்டினம் எஃகு. ஒவ்வொரு குழாயும் 23 மீட்டர் நீளம், இடையில் ஒட்டே இல்லை. ஒட்டு குறைந்தால் வம்பும் குறையும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் குழாயின் முனைகளில் வெல்டிங் இல்லாமல் முடியாது. இந்த வகை எஃகில் வெல்டிங்கை ஒட்டி, சூடுபட்டு வலுவிழந்த ஒரு பட்டை உண்டு. வருடக்கணக்கில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்தால் விரிசல் அங்கேதான் விடும்.

உலையின் நடுப்பகுதியில் வேறு தலைவலி. வேக நியூட்ரான்கள் இடித்து இடித்து அணுக்களை இடம் பெயர்க்க, எஃகுக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகி அது ஊதிப்போகிறது. 1967-இல் பிரிட்டனின் டவுன்ரே உலையில் கிடந்த எஃகில் இதைப் பார்த்துச் சொன்னார்கள். நம் வீட்டு எவர்சில்வர் தட்டின் ஜாதிதான், எரிபொருளை அடைத்து வைக்கும் மெல்லிய குழாயான எரிபொருள் உறையும். அதில் டைட்டானியம் சேர்த்து, குளிர்நிலையில் இழுத்து இறுக்கினால் ஊதுவது தள்ளிப்போகும், நின்றுவிடாது. ஃபெரிட்டிக் எஃகு என்று அணு அடுக்கு வேறான இன்னொரு ஜாதி உண்டு; அது அவ்வளவாக ஊதாது. ஆனால் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளர்ந்துவிடும். சரி, இட்ரியம் ஆக்ஸைடு துகள்களைக் கலந்து பலப்படுத்தலாம் என்றால், அதை வெல்டிங் செய்வது பெரும்பாடு. உருக்கினால் துகள்கள் ஒன்றுசேர்ந்து மிதந்துவிடும்.

உலை வெடிக்குமா என்றுதான் எங்கள் பக்கம் கேட்கிறார்கள். இந்த ஒட்டு எத்தனை வருடம் தாங்கும், யார் எப்போது பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு ஆராய்ச்சிக் கட்டுரைகள் போதாது; அவை ஆங்கிலத்தில், துறை ஆட்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் ஈனுலையில் நடக்கும் வெல்டிங் ஆய்வுகளின் முடிவைத் தமிழில் ஆண்டுக்கு ஒருமுறை நாலு பக்கத்தில் வெளியிடுங்கள். கல்பாக்கத்துக்காரர்கள்தான் முதலில் படிக்க வேண்டியவர்கள். அப்புறம், வொர்லி நேரு அறிவியல் மையத்தில் ஒரு மேசை போட்டு, கதிர்படாத மாதிரிக் குழாய் ஒன்றைக் குறுக்கே அறுத்து வையுங்கள். எங்கள் ஐ.டி.ஐ. பையன்களை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
செம்பூர்வாசி ஒருவன்