மொம்பாசா துறைமுகத்த சீனா எடுத்துக்கல – ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஆப்பிரிக்க நாடுகளுக்கு சீனா கொடுக்குற கடனப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். உழைச்சு எழுதியிருக்காங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நடுவுல ஒரு வரி, கென்யா கடன் கட்ட முடியாம மொம்பாசா துறைமுகத்தயே சீனாவுக்கு விட்டுக் கொடுக்குற நிலைமையில இருக்குன்னு போட்டிருந்தீங்க. அது சரியில்லைங்க. நான் தூத்துக்குடியில சிஎச்ஏ (சுங்கத்துல சரக்க விடுவிச்சுக் கொடுக்குற ஏஜென்ட்) ஆபீஸ்ல வேலை கத்துக்கிட்டு, 2012ல மொம்பாசா போயி அங்க ஒரு கன்டெய்னர் யார்டுல டாக்குமென்ட் வேலை பாத்து 2020ல ஊர் திரும்புனவன். அந்த ஒரு வரிய படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

அந்த வதந்தி எப்படி கிளம்புச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 2018 டிசம்பர்ல கென்யா தணிக்கை அலுவலகத்தோட ஒரு கடிதம் வெளிய கசிஞ்சுது. மொம்பாசாவுல இருந்து தலைநகர் நைரோபிக்கு ரயில் பாதை போட சீனாகிட்ட வாங்குன கடன கட்டலைன்னா துறைமுகத்தோட சொத்துக்கு ஆபத்துன்னு அதுல இருந்துச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி தான் இலங்கையில அம்பாந்தோட்டை துறைமுகத்த 99 வருஷ குத்தகைக்கு சீன கம்பெனிக்கு கொடுத்திருந்தாங்க, அதனால ஊரே ரெண்டையும் சேத்துப் பாத்துச்சு. யார்டுல லோடு ஏத்துற பசங்க எங்கிட்ட வந்து, உங்க பக்கத்து நாட்டுல இப்படித்தான் ஆச்சாமே, இங்கயும் அப்படியா ஆகும்னு கேப்பாங்க. எனக்கு பதில் தெரியல அப்ப.

பின்னாடி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல டெபோரா பிராட்டிகம்னு ஒரு பேராசிரியரும் அவங்க கூட இருந்தவங்களும் அந்த ஒப்பந்தத்த எல்லாம் தேடிப் பாத்து, துறைமுகம் அடமானமே இல்லைன்னு 2022ல விளக்கமா எழுதுனாங்க. கடன் வாங்குனது கென்யா அரசாங்கம், துறைமுக ஆணையம் அந்தக் கடன வாங்கவே இல்ல. கடன் ஒப்பந்தத்துல இருந்தது, நாங்க ஒரு நாடு, எங்க மேல கேஸ் போட முடியாதுன்னு இறையாண்மையக் காட்டி வழக்குல இருந்து தப்பிக்க மாட்டோம்ங்கிற ஷரத்து, அது வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தத்துல சகஜமா வர்ற ஷரத்து தான், அதப் போயி தணிக்கைக்காரங்க துறைமுகத்த அடகு வச்சதா புரிஞ்சுக்கிட்டாங்க. அம்பாந்தோட்டை கதையும் ஜனங்க நினைக்கிற மாதிரி இல்ல. குத்தகைக்கு வந்த 112 கோடி டாலர் இலங்கையோட அந்நியச் செலாவணி கையிருப்புக்குத்தான் போச்சு, அந்தத் துறைமுகத்துக்கு சீனாகிட்ட வாங்குன கடன் அப்படியே தான் நின்னுச்சு.

இத சொல்றதால நான் சீனாவுக்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைச்சிடாதீங்க. துறைமுகம் போயிடும் போயிடும்னு எல்லாரும் அத பாத்து பயந்துக்கிட்டு இருந்தப்ப, நிஜமா எங்க பொழப்ப அடிச்சது வேற ஒரு காகிதம், அதப் பத்தி உங்க கட்டுரையில ஒரு எழுத்து கூட இல்லையேங்கிறது தான் என் ஆதங்கம்.

ரயில் கதைய சுருக்கமா சொல்லிடறேன். 2014 மே மாசம் சீனப் பிரதமர் லி கெச்சியாங் நைரோபி வந்தப்ப கையெழுத்தாச்சு. சீன அரசோட எக்ஸிம் பேங்க் ரெண்டு கடனா கிட்டத்தட்ட 320 கோடி டாலர் கொடுத்துச்சு, கட்டுனது ஒரு சீன அரசு கம்பெனி. மொம்பாசாவுல இருந்து நைரோபிக்கு 470 கிலோமீட்டருக்கு மேல, மூணு வருஷத்துல முடிச்சு 2017 மே 31 அன்னைக்கு அதிபர் உஹுரு கென்யாட்டா திறந்து வச்சாரு. நானும் அதுல பல தடவ போயிருக்கேன். பழைய ரயில்ல ராத்திரி பூரா போயும் காலையில எப்ப சேருவோம்னு தெரியாது, இது அஞ்சு மணி நேரத்துல கொண்டு விட்டுடும், வழியில சாவோ காட்டுல ஜன்னல் வழியா யானை பாக்கலாம். குடும்பத்தோட ஊருக்குப் போற சாதாரண ஜனங்களுக்கு அது பெரிய வரம்ங்க, அத குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா ஜனங்க ஏறி அந்தக் கடன அடைக்க முடியாது, சரக்கு ஏறணும். சரக்குக்கு உத்தரவாதம் வேணும்னு, துறைமுக ஆணையம் ரயில்வேக்கு வருஷத்துக்கு இத்தன டன் சரக்கு கட்டாயம் தருவோம், தரலைன்னா கொறஞ்சதுக்கு பணம் கட்டுவோம்னு ஒரு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருந்துச்சு. நான் சொன்ன அந்தக் காகிதம் இதுதான், அது எங்க யாருக்கும் தெரியாது. 2018 ஜனவரியில சரக்கு ரயில் ஓட ஆரம்பிச்சப்ப நல்லது தானன்னு இருந்தோம். அப்புறம் பாத்தா கப்பல்ல இருந்து இறக்குற கன்டெய்னர் எங்க யார்டு பக்கமே வராம, நேரா ரயில்ல ஏறி நைரோபி உள்நாட்டு டெப்போவுக்குப் போகுது, கிளியரிங், அதாவது சுங்கத்துல சரக்க விடுவிக்கிற வேலை, அங்கதான்னு ஆகிப்போச்சு, 2019 ஆகஸ்ட்ல உள்நாட்டுக்குப் போற இறக்குமதி சரக்கு எல்லாமே ரயில்ல தான் போகணும்னு உத்தரவே போட்டுட்டாங்க.

அதோட விளைவு என்னன்னு அங்க இருந்தவங்களுக்குத் தான் தெரியும். சரக்குக்காரர் பாடு ஒரு பக்கம், டெப்போவுல இருந்து குடோனுக்கு தனியா லாரி பிடிக்கணும், காலி கன்டெய்னர மறுபடி மொம்பாசாவுக்கு அனுப்பணும், டெப்போவுல நெரிசலாகி தாமதமானா டெமரேஜ்னு தாமதக் கட்டணம் ஏறும், கூட்டிக் கழிச்சுப் பாத்தா முன்ன லாரிக்கு கொடுத்தத விட அதிகம்னு எங்க கஸ்டமருங்க புலம்புவாங்க. இன்னொரு பக்கம் லாரிக்காரங்க. மொம்பாசா ரோட்டுல மரியாக்கானி, வோய், எம்டிட்டோ அண்டேய்னு வரிசையா ஊருங்க, லாரி நிக்கிறதால தான் அந்த ஊருங்களுக்கு சோறு, டீக்கடை, டயர் கடை, லாட்ஜு, மெக்கானிக்கு எல்லாம். நான் மாசம் ரெண்டு தடவயாவது நைரோபிக்கு ரோட்டுல போவேன், எம்டிட்டோ அண்டேய்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கும் கூட்டமா இருக்கும், 2019 கடைசியில அதே எடத்துல பாதி கடை ஷட்டர் இறங்கிக் கெடந்துச்சு. எங்க யார்டுல நான் சேந்தப்ப 90 பேர் இருந்தோம், நான் கிளம்புறப்ப முப்பது பேர் கூட இல்ல. எனக்கு ஊர்ல வீடு இருந்துச்சு திரும்பி வந்துட்டேன், அந்த யார்டுல பதினஞ்சு வருஷமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன பெரியவர் எங்க போவாரு.

2019ல திங்கக்கிழமையானா மொம்பாசாவுல ஊர்வலம் நடக்கும். வேலை போனவங்க, லாரி ஓனருங்க, கிளியரிங் ஏஜென்டுங்க எல்லாரும் போவாங்க. அவங்க கோஷத்துல சீனாவ விட நைரோபி அரசாங்கத்தத் தான் அதிகம் திட்டுனாங்க, அது என் மனசுல நின்ன விஷயம். ஏன்னா சரக்க ரயிலுக்கு திருப்பிவிட்ட உத்தரவுல கையெழுத்துப் போட்டது அவங்க அரசாங்கம் தான். கடைசியா 2022 செப்டம்பர்ல வில்லியம் ரூட்டோ அதிபரா பதவியேத்த உடனே தான் கிளியரிங் வேலைய மொம்பாசாவுக்குத் திருப்பிக் கொடுத்தாரு. அதுக்குள்ள மூடுன கடை மூடுனது தான்.

இதுல எனக்கு கோவம் வர்ற எடம் எதுன்னா, அந்தக் கடன் ஒப்பந்தத்த எட்டு வருஷமா அந்த நாட்டு ஜனங்க கண்ணுல காட்டல. ரகசியமா வச்சுக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு, தகராறு வந்தா பெய்ஜிங்ல மத்தியஸ்தம், சீனச் சட்டம் தான். ரயில் வேலைய டெண்டர் விடாம கொடுத்தது சட்டப்படி தப்புன்னு ஓகியா ஓம்டாட்டானு ஒரு போராளியும் வக்கீல் சங்கமும் கோர்ட்டுக்குப் போனாங்க, அப்பீல் கோர்ட்டு ஆமா தப்பு தான்னு 2020 ஜூன்ல சொல்லுச்சு, ரயில் ஓடி மூணு வருஷம் ஆனதுக்கு அப்புறம்! அந்தத் தீர்ப்பையும் 2023ல சுப்ரீம் கோர்ட்டு மாத்திடுச்சு. ஒப்பந்தத்துல கொஞ்சத்த 2022 நவம்பர்ல தான் போக்குவரத்து அமைச்சர் வெளியிட்டாரு. ஒரு கடனுக்கு வட்டி 2 சதவீதம், இன்னொண்ணுக்கு லைபாருக்கு (லண்டன் பேங்குங்க தங்களுக்குள்ள கடன் கொடுக்குற வட்டி, ஏறி இறங்கும்) மேல 3.6 சதவீதம்னு அப்பதான் சாதாரண ஆளு படிக்க முடிஞ்சுது.

அந்த ரெண்டாவது கடன் தான் கழுத்த நெரிச்சுது. உலகச் சந்தையில வட்டி ஏறுனா அதுவும் ஏறுற மாதிரி இருந்துச்சு, 2022க்கு அப்புறம் ஏறுச்சு. ரயில் சம்பாதிக்கிறது கென்யா பணமான ஷில்லிங்ல, கட்ட வேண்டியிருந்தது டாலர்ல. கையெழுத்துப் போட்டப்ப ஒரு டாலருக்கு 87 ஷில்லிங் போல இருந்துச்சு, 2024 ஆரம்பத்துல 160ஐ தொட்டுடுச்சு. 2025 அக்டோபர்ல ரயில் கடன டாலர்ல இருந்து சீனப் பணமான யுவானுக்கு மாத்துனாங்க, அதனால வருஷத்துக்கு 21 கோடி டாலருக்கு மேல மிச்சம்னு நிதி அமைச்சர் சொன்னாரு. நல்லது தான், ஆனா ஒரு கணக்கு மாத்துனதுக்கே இவ்வளவு மிச்சம் ஆகுதுன்னா முதல்ல எவ்வளவு போயிட்டு இருந்துச்சுன்னு பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும், உங்க கட்டுரைய படிச்சா கென்யாவோட கடன் பூரா சீனாவுக்குத் தான்னு தோணுது. சீனாவ விட உலக வங்கிக்குத் தான் அவங்க அதிகம் தரணும், சந்தையில வித்த டாலர் பத்திரம் வேற தனி. 2024 ஜூன்ல வரி மசோதாவ எதுத்து பசங்க தெருவுக்கு வந்து எத்தன பேர் செத்தாங்க, அந்தக் கடன் சுமையில எல்லாருக்கும் பங்கு இருக்கு.

சீன ரயில் இப்ப நைரோபியத் தாண்டி நைவாஷா வரைக்கும் வந்து நிக்குது, அதுக்கே இன்னொரு 150 கோடி டாலர் கடன். உகாண்டா எல்லைக்குப் போக வேண்டியது. 2019ல கென்யாட்டா பெய்ஜிங் போயும் மீதிக்குப் பணம் கெடைக்கல, இப்ப கிசுமு, அப்புறம் எல்லையில இருக்குற மலாபா வரைக்கும் நீட்டுற திட்டம் மறுபடி வந்திருக்கு. அந்த வழியிலயும் லாரிய நம்பி வாழுற ஊருங்க நெறைய இருக்கு. உங்க நிருபர் அடுத்த தடவ எழுதுறப்ப, புது ஒப்பந்தத்துல சரக்கு இந்த வழியாத்தான் போகணும்னு ஷரத்து இருக்கா, கையெழுத்துக்கு முன்னாடி அந்த நாட்டு பாராளுமன்றத்துக்கு அத காட்டுனாங்களான்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. துறைமுகத்தப் பத்தின அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போட்டீங்கன்னா சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடியில இருந்து ஒரு வாசகர்